உப்புக்கண்டத்துக்கு வெயில் போதும், ஜெர்க்கிக்குப் போதாது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாசம் வீட்டுல கறி காயவெக்கறத பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடுதாசி பூரா ஒரே வெசயந்தான் கேக்குது, எந்த மெஷின் வாங்கறதுன்னு. அதனால இந்த தடவ சோறு கொழம்பு கேள்விய எல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டு இதுக்கு மட்டும் பதில் சொல்றேங்க.

அக்கா, வணக்கமுங்க. எம் பையன் பெங்களூர்ல வேலைல இருக்கான். கூட வேலை செய்யறவங்க வெளிநாட்டுல இருந்து கொண்டாந்த பீஃப் ஜெர்க்கிய, அதாவது காயவெச்சு அப்படியே திங்கற மாட்டுக்கறிய, தின்னுபோட்டு வந்து, அம்மா இது நம்ம அம்முச்சி போடற மாட்டுக்கறி கண்டம் மாதிரியே இருக்குது, மெஷின் வாங்கித் தாறேன் நீ செஞ்சு குடுங்கறான். கடையில கேட்டா தட்டு மேல தட்டு அடுக்கற ரவுண்டு மெஷின் ஒண்ணு, ஓவன் மாதிரி பொட்டி ஒண்ணு, ரெண்டு காட்டறாங்க. பொட்டி வெல ரொம்ப எச்சா இருக்குது. எத வாங்கட்டும்? சமையல் புத்தகத்துல எல்லாம் ஆட்டுக்கறி கண்டந்தான் வருது, மாட்டுக்கறிய யாரும் எழுதறதில்ல, அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன்.
வாசகி, சிங்காநல்லூர்

நீங்க கடசியா சொன்னதுல இருந்தே ஆரம்பிக்கறேன் அம்மிணி. எங்க வளவுல மாட்டுக்கறி கண்டம் போடாத வீடே கெடையாது, நோம்பிக்கு கறி எடுத்தா பாதி கொழம்புக்கு பாதி கொடிக்கு, அம்முச்சி கோணூசில சணல் கோத்து மால மாதிரி கட்டி பொடக்காளில தொங்கவிட்டுட்டு ஒரு குச்சிய வெச்சுக்கிட்டு காக்கா வராம உக்காந்திருக்கும். அத யாரும் எழுதலைன்னா அப்படி ஒரு சமையலே இல்லைன்னு ஆயிராது, நாம எழுதலாம், எழுதோணும். ஆட்டுக்கறிக்கு சொல்ற எல்லாமே இதுக்கும் பொருந்தும், இன்னும் சொல்லப்போனா மாட்டுத் தொடக்கறில கொழுப்பு கம்மி, நார் நீளமா ஒரே போக்குல ஓடும், அதனால காயவெக்கறதுக்கு ஆட்டுக்கறிய விட தோதாத்தான் இருக்கும்.

ஆனா உங்க பையன் சொன்னதுல ஒரு சின்ன தப்பு இருக்குது, அது மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சே ஆகோணும். கண்டமும் ஜெர்க்கியும் பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும், ஒண்ணு இல்லைங்க. கண்டத்த நாம அப்படியே திங்கறதில்ல. அம்மில வெச்சு தட்டி, எண்ணெய்ல போட்டு பொரிச்சோ கொழம்புல கொதிக்கவெச்சோதான் வட்டலுக்கு வரும். வெயில்ல காயும்போது அதுல என்ன கிருமி தப்பிச்சு இருந்தாலும் கடசில அடுப்பு பாத்துக்கும். ஜெர்க்கி அப்படி இல்ல, பாக்கெட்ட பிரிச்சு நேரா வாயில போடறது. கடசில அடுப்பே கெடையாது. அப்ப அந்த அடுப்பு வேலைய முன்னாடியே முடிச்சாகோணும், எல்லாமே இதுல இருந்துதான் வருது, எந்த மெஷின், என்ன சாமான், எல்லாமே.

அமெரிக்காவுல இதுக்கு அரசாங்க வேளாண்மைத் துறையே கணக்கு வெச்சிருக்கு. நீளமா மெலிசா வெட்டுன மாட்டுக்கறி வார, காயவெக்கறதுக்கு முன்னாடி உள்ள 71 டிகிரி சூடு ஏத்திரோணும் (கோழின்னா 74), அப்பறமா 55ல இருந்து 60 டிகிரி காத்துல காயவெக்கோணும். ஏன் முன்னாடியேன்னு கேட்டா, ஈரக் கறி காயும்போது ஈரம் ஆவியாப் போறதுல கறி குளுந்துக்கும், ஈரத்துணி மேல காத்து பட்டா சிலுசிலுன்னு ஆகுதில்ல, அதே மாதிரி. மெஷின்ல 60ன்னு வெச்சாலும் கறிக்குள்ள அவ்வளவு இருக்காது. கறி நல்லா காஞ்ச பின்னாடி சூடு ஏறும், ஆனா அதுக்குள்ள பாக்டீரியா காஞ்ச நெலமைக்கு பழகிரும், அப்பறம் அதே சூட்டுக்கு சாகாது. 1995ல அமெரிக்காவுல ஒரேகான் மாநிலத்துல வீட்டுல செஞ்ச மான்கறி ஜெர்க்கில இருந்து ஈ.கோலை கிருமி பரவி 11 பேருக்கு சீக்கு வந்துச்சு, அவங்களும் மெஷின்லதான் காயவெச்சிருந்தாங்க.

நம்ம பக்கம் இது புதுசு இல்லைங்க. ஈரோட்டு மஞ்சள பாருங்க, காட்டுல இருந்து வெட்டுன கெழங்க யாராவது அப்படியே களத்துல போடறாங்களா, வேகவெச்சுத்தானே காயப்போடறோம். ஜெர்க்கியும் அதே வரிசை, மொதல்ல வேக்காடு, அப்பறம் காய்ச்சல்.

அதனால நீங்க மொதல்ல வாங்க வேண்டியது மெஷின் இல்ல, ஊசி வெச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர். சில நூறு ரூபாதான். வாங்குன ஒடனே ஐஸ் தண்ணில விட்டு பாருங்க, 0 காட்டோணும், கொதிக்கற தண்ணில விட்டா கோயமுத்தூர்ல 98, 99 காட்டும், 100 வராது, நம்மூரு கடல் மட்டத்துல இருந்து 400 மீட்டருக்கு மேல இருக்கறதால அப்படி, மீட்டர் ரிப்பேர்னு நெனச்சுக்காதீங்க. வேகவெக்கறதுக்கு தனியா ஒண்ணும் வாங்க வேண்டாம், வீட்டு இட்லிப்பானையே போதும். மசாலால ஊறுன வார இட்லித் தட்டுல பரப்பி ஆவி காட்டுங்க, இருக்கறதுலயே மொத்தமான வார எடுத்து தெர்மாமீட்டர் ஊசிய சுத்தி மடிச்சு புடிச்சா 71 தாண்டுச்சான்னு தெரிஞ்சிரும். கொஞ்சம் வெந்த வாசம் வரும், கடையில விக்கறத விட மெது கொறையும்னு பையன் சொல்லுவான், சொல்லட்டும், இத மட்டும் விட்டுக்குடுக்காதீங்க.

இப்ப மெஷினுக்கு வாறேன். பணம் இருந்தா பொட்டிதான் வாங்கோணும், இல்லைன்னா ஆறு மாசம் பொறுத்தாவது பொட்டிதான் வாங்கோணும். நான் மொதல்ல வாங்குனது ரவுண்டு மெஷின், அதுல சூடு கூட்டிக் கொறைக்கற திருகே கெடையாது, ஒரு சுவிட்ச் மட்டுந்தான், கடக்காரர் அஞ்சு தட்டு இருக்குதுங்கக்கா ரெண்டு கிலோ ஒரே தடவைல போடலாம்னு சொன்னாரு, நானும் நம்பி ரெண்டு கிலோ தொடக்கறி போட்டேன். காத்தாடி அடில இருந்துச்சு, அடித்தட்டு கறி மரப்பட்ட மாதிரி வறண்டு போச்சு, மேல் தட்டு கறி பொழுதோட பாத்தா இன்னும் பிசுபிசுன்னு இருக்குது. தட்ட மாத்தி மாத்தி அடுக்கி ராத்திரி பூரா கண்ணு முழிச்சும் சரியா வரல, மூணாம் நாள் டப்பாவ தொறந்தா பூஞ்சணம். ரெண்டு கிலோ கறிய குழி வெட்டி பொதச்சேன், இன்னிக்கு நெனச்சாலும் வயிறு எரியுது.

பொட்டி மெஷின்ல காத்தாடி பின்னாடி இருக்கும், காத்து பக்கவாட்டுல எல்லா தட்டுக்கும் ஒரே மாதிரி போகும், மேல் தட்டு மசாலாத் தண்ணி கீழ் தட்டு மேல காத்தோட சேந்து அடிக்காது. கடையில பாக்கறப்ப கேக்க வேண்டியது, டிகிரி போட்டு சூடு வெக்க முடியுமா, 70 வரைக்கும் ஏறுமா, தட்டு கழட்டி கழுவற மாதிரி எவர்சில்வரா. டைமர் இருந்தா நல்லது, இல்லாட்டியும் பரவால்ல. ஆப்பு, ப்ளூடூத்து, கலர் லைட்டு இதுக்கெல்லாம் ஒரு ரூபா எச்சா குடுக்காதீங்க. வாங்கியாந்து மொத நாள் வெறும் மெஷின 60ல ஓட்டி, தெர்மாமீட்டர மேல் தட்டு, கீழ் தட்டு, மூலைன்னு வெச்சு பாருங்க, டயல்ல 60 இருந்து உள்ள 50 இருந்துச்சுன்னா மாத்திக் குடுக்கச் சொல்லி கேட்டுருங்க.

எத்தன தட்டு வேணுங்கறதுக்கு ஒரு கணக்கு சொல்றேன். ஒரு கிலோ கறிய அரை சென்டிமீட்டர் கனத்துல வார்ந்து பரப்புனா கிட்டத்தட்ட 2000 சதுர சென்டிமீட்டர் எடம் அடைக்கும். ஒரு அடிக்கு ஒரு அடி தட்டு 900 சதுர சென்டிமீட்டர். வாருக்கு வாரு எடவெளி விடோணும், ஒண்ணு மேல ஒண்ணு படக்கூடாது, அப்ப கிலோவுக்கு 3 தட்டுன்னு வெச்சுக்கங்க. உங்க வீட்டுக்கு 5, 6 தட்டு மெஷின் தாராளம். காஞ்ச பின்னாடி ஒரு கிலோ கறி கால் கிலோவுல இருந்து முன்னூறு முன்னூத்தம்பது கிராம் வரைக்குந்தான் நிக்கும், இத பாத்து என்னமோ தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சு பயந்துக்காதீங்க, போனது பூரா தண்ணி.

கரண்டு எவ்வளவு ஆகும்னும் மனசுல ஓடும். 400 வாட் மெஷின் 6 மணி நேரம் ஓடுனா 2.4 யூனிட்டு, அதுவும் நிக்காம ஓடுனாத்தான், சூடு ஏறுனதும் ஹீட்டர் விட்டு விட்டுத்தான் எரியும்.

எங்க வீட்ல ஓடிஜி ஓவனும் இருக்கு, ஏர் ஃப்ரையரும் இருக்கு. இதுக்குன்னு தனியா மெஷின் வாங்கணுமா அக்கா? வீட்ல திட்டுவாங்க.
வாசகர், தாராபுரம்

தம்பி, ஓடிஜி டயல பாருங்க, எங்க ஆரம்பிக்குதுன்னு. நெறைய மாடல்ல 100ல தான் ஆரம்பிக்கும், அது காயவெக்கற சூடு இல்ல, வறுக்கற சூடு. வெளிய தோல் மாதிரி இறுகிரும், உள்ள ஈரம் வெளிய வர வழியில்லாம மாட்டிக்கும், தொட்டு பாத்தா காஞ்ச மாதிரியே இருக்கும், நாலு நாள் கழிச்சு உள்ளிருந்து கெட்டுப்போகும். 60ல நிக்கற ஓடிஜியா இருந்து உள்ள காத்தாடியும் இருந்தா தாராளமா செய்யலாம், கதவுல ஒரு மரக்கரண்டிய குடுத்து ரவ்வண்டு தொறந்து வெச்சுக்கங்க, ஈரம் போகோணும். கதவ தொறந்தா சூடு எறங்கும், அதையும் தெர்மாமீட்டர்லதான் பாக்கோணும்.

ஏர் ஃப்ரையர்ல டீஹைட்ரேட்னு ஒரு பட்டன் இருந்துச்சுன்னா சரி, ஆனா கூடை சின்னது, கால் கிலோ கறி பரப்பறதுக்கே இடிக்கும். ஒரு தடவ செஞ்சு பாத்து வீட்ல எல்லாருக்கும் புடிக்குதான்னு தெரிஞ்சுக்கறதுக்கு அது நல்ல வழிதான். அந்த பட்டன் இல்லைன்னா விட்டுருங்க. மைக்ரோவேவ் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது.

மொட்ட மாடி வெயிலே இவ்வளவு கொளுத்துதே, கொப்பரையே வெயில்ல காயுது, கறிக்கு எதுக்குங்க கரண்டு? சுத்தி வல அடிச்ச ஒரு பொட்டி செஞ்சு அதுல காயவெக்கலாமுல்ல?
வாசகி, காங்கேயம்

கொப்பர ஊருல இருந்து இந்த கேள்வி வராம இருந்தாத்தான் ஆச்சரியம். சித்திர வெயில் நமக்கு மண்ட கொதிக்கற மாதிரி இருந்தாலும் காத்து சூடு 40 டிகிரிய தொடறதே கஷ்டம், கறிக்கு வேணுங்கறது 55, 60. பொழுது சாஞ்சா அதுவும் போச்சு, ராத்திரி கறி திருப்பி ஈரத்த இழுத்துக்கும். அதனால அப்படியே திங்கற ஜெர்க்கிக்கு வெறும் வெயில நம்பாதீங்க.

கண்டம் போடறதுக்கு வலப்பொட்டி அருமையான யோசன, கட்டாயம் செய்யுங்க, ஏன்னா அத பொரிச்சுத்தான் திங்கப் போறோம், உப்பும் மஞ்சளும் தூக்கலா போடுவோம். ஆனா வல விசயத்துல கவனம் வேணும். கோழிக்கூண்டுக்கு அடிக்கற நாகம் பூசுன வலைய கறி படற மாதிரி வெக்காதீங்க, உப்பும் புளிப்பும் பட்டா அந்த பூச்சு கரைஞ்சு கறில ஏறும். கறி படற எடம் எவர்சில்வர் கம்பியா இருக்கட்டும், வெளிய சுத்தி ஈ வராம இருக்க சாதா நைலான் கொசுவல போதும். காலு நாலையும் தண்ணிக் கிண்ணத்துல வெச்சா எறும்பு ஏறாது. ஆடிக் காத்துல மாடிப் பக்கமே கொண்டு போகாதீங்க, பாலக்காட்டு கணவாய் வழியா வர்ற அந்த காத்துல கறி காயுதோ இல்லையோ, மண்ணு அப்பிக்கும். தை, மாசிதான் அதுக்கு நல்ல காலம், அம்முச்சியும் அப்பத்தான் போடும்.

கண்ணாடி மூடி, கருப்பு பெயின்ட் அடிச்ச தகரம், மேல காத்து போக்கின்னு செய்யற சோலார் டிரையர் வேற வகை, அதுல உள்ள சூடு வெளிய இருக்கறத விட நல்லாவே ஏறும். கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல இந்த மாதிரி டிரையர் மேல வேலை செய்யற பொறியாளருங்க இருக்காங்க, ஒரு நடை போய் கேட்டுட்டு வாங்க. ஆனா மேகம் மறைச்சா சூடு எறங்கிரும், அதனால ஜெர்க்கி அதுல செஞ்சாலும் முன்னாடி இட்லிப்பானைல ஏத்தறத தவறவிடக்கூடாது.

கறிய ஒரே கனமா வார்றதுக்கு ஸ்லைசர் மெஷின் வேணுமா? எங்கம்மா அருவாமணைல வெட்டுனா ஒண்ணு கனமா ஒண்ணு மெலிசா வருது.
வாசகர், பொள்ளாச்சி

வேண்டாங்க. கறிய ஃப்ரீசர்ல ஒண்ணு, ஒண்ணர மணி நேரம் வெச்சு, வெளிப்பக்கம் இறுகி நடுவுல கத்தி எறங்கற பதத்துல எடுங்க, நீளமான கத்தி ஒண்ணு நல்லா சாணை புடிச்சு வெச்சிருந்தீங்கன்னா அரை சென்டிமீட்டர் கனத்துல அழகா வார் வாரா வரும். வழுக்கற பச்சக்கறிய அருவாமணைல வெச்சா யாருக்கும் ஒரே கனமா வராது, அம்மாவ கொற சொல்லாதீங்க. நார் ஓடற போக்குலயே வெட்டுனா இழுத்து இழுத்து மெல்லற மாதிரி வரும், நாருக்கு குறுக்க வெட்டுனா பொசுக்குன்னு கடிபடும், பல்லு போன அப்பாரு வீட்ல இருந்தா குறுக்க வெட்டுங்க. வெள்ளக் கொழுப்பு, சவ்வு எல்லாத்தையும் நோண்டி எடுத்துருங்க, கொழுப்பு காயாது, சிக்கு வாட புடிக்கறது அதுலதான். கறிக்கடைக்காரர்கிட்ட தொடக்கறி எலும்பில்லாம, கொழுப்பில்லாம, வெட்டாம முழுசா குடுங்கன்னு சொல்லி வாங்குங்க, கொழம்புக்கு போடற மாதிரி துண்டு போட்டுட்டாருன்னா அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாது.

இன்டர்நெட்ல பாத்த செய்முறைல பிங்க் சால்ட் கால் ஸ்பூன்னு போட்டிருக்கு. எங்க வீட்ல இந்துப்பு பிங்க் கலர்லதான் இருக்கு, அத போட்டா ஆச்சா?
வாசகி, ஈரோடு

இத கேட்டீங்களே, நல்லா இருங்க கண்ணு, இதுல நெறைய பேரு ஏமாந்து போறாங்க. இந்துப்பு மண்ணுல வெட்டி எடுக்கற உப்பு, அதோட கலரே அப்படி. அந்த செய்முறைல சொல்றது கறிய பதப்படுத்தற உப்பு, சாதா உப்புல 6.25 சதம் சோடியம் நைட்ரைட் கலந்து, யாரும் சாப்பாட்டு உப்புன்னு நெனச்சு போட்டுறக் கூடாதுன்னே ரோஸ் சாயம் ஏத்தி விக்கறாங்க. ரெண்டுக்கும் கலர் தவிர சம்பந்தமே கெடையாது. இந்துப்பு போட்டா கெடுதல் இல்ல, உப்பு வேல மட்டும் செய்யும், நைட்ரைட் கறிய பதப்படுத்தற அந்த வேலைய செய்யாது. நைட்ரைட் உப்ப கை அளவுல அள்ளிப் போட்டுட்டா உசுருக்கே ஆபத்து, கொழந்தைங்க இருக்கற வீட்ல அட்டாலில கூட வெக்காதீங்க. 71 டிகிரி ஏத்தி, கொழுப்பு எடுத்து, சரியா காயவெச்சு, சீக்கிரம் தின்னு முடிக்கற வீட்டு ஜெர்க்கிக்கு அது இல்லாமலே ஆகும். நான் போடறதில்ல.

ஒரு கிராம் தராசு மட்டும் வாங்கிக்கங்க, உப்புக்கும் ஆச்சு, காய்ச்சலுக்கும் ஆச்சு. காயறதுக்கு முன்னாடி எட எழுதி வெச்சு, காஞ்ச பின்னாடி திருப்பி போட்டு பாத்தா தண்ணி எவ்வளவு போச்சுன்னு தெரியும். ஊறப்போடற பாத்திரம் எவர்சில்வரோ கண்ணாடியோ பீங்கானோ இருக்கட்டும். புளித் தண்ணி, வினிகர், எலுமிச்ச எது ஊத்துனாலும் அலுமினியப் பாத்திரம் வேண்டாம். ஊறும்போது ஃப்ரிட்ஜ்ல இருக்கோணும், மேடைல இல்ல.

செஞ்சத வெக்க வேக்குவம் மெஷின் வாங்கணுமா?
வாசகர், பல்லடம்

மாசாமாசம் செஞ்சு ஊருக்கு அனுப்பறவங்களா இருந்தா வாங்குங்க. வீட்டுக்கு மட்டும்னா இறுக்கமா மூடற கண்ணாடி பாட்டில் போதும். மெஷின்ல இருந்து எடுத்த சூட்டோட அடைக்காதீங்க, முழுசா ஆறட்டும், ஒரு வார மடிச்சா விரிசல் விடோணும், படக்குன்னு ஒடியவும் கூடாது, மடிச்ச எடத்துல ஈரம் கசியவும் கூடாது, அதுதான் பதம். பாட்டில்ல போட்டு மறுநாள் காத்தால உள்பக்கம் பாருங்க, கண்ணாடில துளி வேத்திருந்தா இன்னும் ரெண்டு மணி நேரம் மெஷின்ல போடுங்க. வெளிய வெச்சா ஒரு மாசம், ரெண்டு மாசத்துக்கு மேல போக வேண்டாம், ஃப்ரிட்ஜ்ல வெச்சா இன்னும் நல்லது. சிக்கு வாட வந்தாலோ வெள்ள வெள்ளயா பொசுபொசுன்னு தெரிஞ்சாலோ வெட்டி எடுத்துட்டு மிச்சத்த திங்கலாம்னு பாக்காதீங்க, பாட்டிலோட கொட்டிருங்க.

சிங்காநல்லூர் அம்மிணி, பையனுக்கு பெங்களூருக்கு அனுப்பறப்ப பாட்டில் மேல செஞ்ச தேதி எழுதி ஒட்டி அனுப்புங்க.